அம்மிச்சியின் அளவு நோட்டில் ஓரமாக எழுதியிருக்கும் வ, ம, இ என்ன கணக்கு? தையல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வாய்க்கால்மேட்டுப் பேத்தி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தையல்காரர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், போன மாசியில் காலமானார். பவ வருஷம் மார்கழியில் பிறந்ததாகச் சொல்வார். கணக்குப் பார்த்தால் 1934 கடைசி அல்லது 1935 தொடக்கம். தொண்ணூறு முடிந்திருந்தது. ஊர் பெருந்துறைக்குப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலை ஒட்டி. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஊரில் குறைவு. மிஷின்காரம்மா என்றால்தான் தெரியும். பஸ்ஸில் 'மிஷின்காரம்மா ஊட்டு முக்கு' என்று கேட்டு இறங்குவார்கள். நானும் அப்படித்தான் இறங்கியிருக்கிறேன்.

தையல் கற்றது கல்யாணத்துக்குப் பிறகு. ஐம்பதுகளின் கடைசியில் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலிருந்து கிராம சேவிகா ஒருவர் வந்து மாதர் சங்கத்தில் சொல்லிக்கொடுத்தாராம். ஒரே மிஷின், பதினாலு பெண்கள். முறை வருவதற்குள் பொழுது இறங்கிவிடும் என்று, அம்மிச்சி பழைய பேப்பரை அளந்து வெட்டி, கையால் குத்துத் தையல் போட்டு வீட்டில் பழகினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்புச்சி, அதாவது அம்மிச்சியின் கணவர், அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கு ஒரு ஜோடிக் காளைக் கன்றை ஓட்டிக்கொண்டு போனார். விற்ற பணத்தில் ஈரோட்டில் ஒரு உஷா மிஷின் வாங்கி, வண்டியில் வைக்கோல் பரப்பி அதன் மேல் வைத்துக் கொண்டுவந்தார். 'கன்னுக்குட்டிய வித்துப்போட்டு இரும்ப வாங்கியாந்திருக்கறான்' என்று அப்புச்சியின் அம்மா மூன்று நாள் அந்த வீட்டில் சோறு உண்ணவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வயதான பெண்கள் பலர் ஜாக்கெட் போடமாட்டார்கள், சேலையையே சுற்றிக்கொள்வார்கள். அதனால் முதலில் வந்த வேலையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடை சட்டையும் டவுசரும் தலையணை உறையும்தான். ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு, அறுபது வயதுக்காரர் ஒருவர் பொடக்காணி (புழக்கடை) வழியாக வந்து, 'ஆசுபத்திரிக்குப் போகோணும் சாமி, ஒண்ணு தெச்சுக் குடு' என்று கேட்டாராம். டேப்பைப் பார்த்துக் கூசினாராம். அம்மிச்சி டேப்பை மடித்து வைத்துவிட்டு, ஒரு நூல்கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். இதை அம்மிச்சி என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த அம்மா யார் என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

1978 வைகாசியில் அப்புச்சி கிணற்றில் மோட்டார் இறக்கும்போது கயிறு அறுந்து உள்ளே விழுந்தார். உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது. 2009 வரை, முப்பத்தொரு வருஷம், கட்டிலிலேயே இருந்தார்.

அவர் திரும்பி வந்த அன்றே, திண்ணையில் இருந்த மிஷினைத் தூக்கி ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்களாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. அம்மிச்சி ஒல்லி, அப்புச்சி நல்ல உயரமான ஆள். ஒரே ஆளாக அவருக்குத் துணி மாற்ற வேண்டும் என்று வேட்டியை இரண்டாக வெட்டி, ஓரம் அடித்து, இடுப்பிலும் முழங்காலிலும் நாடா வைத்துத் தைத்திருந்தார். தூக்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் ஒருக்களித்துச் சொருகி, மறுபக்கம் இழுத்து முடிந்தால் போதும். சட்டைக்கு முதுகுப் பக்கம் திறப்பு. குதிகால் கட்டிலில் படாமல் இருக்க இலவம் பஞ்சு அடைத்த சின்னத் தலையணைகள். வாரா வாரம் அவற்றைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயவைத்துத் திரும்ப அடைப்பது விடுமுறையில் போகும் எங்களுடைய வேலை. அந்த முப்பத்தொரு வருஷத்தில் அப்புச்சிக்கு ஒரே ஒரு தடவைதான் படுக்கைப் புண் வந்தது. அதுவும் அம்மிச்சிக்கு மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது.

அப்புச்சிக்குக் கை இரண்டும் நன்றாக இருந்தன. பாபினில் நூல் சுற்றுவது, பிசிறு வெட்டுவது, கொக்கியும் வளையமும் கட்டுவது எல்லாம் அவர்தான். மிஷினின் வலது பக்கச் சக்கரம் கட்டிலில் இருந்து எட்டும் தூரத்தில் இருக்கும். திருப்பூர் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தபோது வாசலிலேயே நிறுத்தி, 'வாங்கம்மா, வாரச் சம்பளம்' என்று கூப்பிட்டார்கள். அம்மிச்சி போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்கி வருவதுதான் அவர் போன அதிகத் தூரம். அதுவும் பக்கத்து வீட்டு அக்காவைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டுத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டிரங்குப் பெட்டியில் நாற்பத்து மூன்று அளவு நோட்டுகள் இருந்தன. வருகிற மாசியில் வருஷம் திரும்புகிறது, அதற்குள் இவற்றைப் படித்து ஏதாவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு வரியை அப்படியே தருகிறேன்:

'கிணத்துக்காட்டு மருமவ – உ 14, மா 34, இடு 30, சோ 13½, கை 7/11, ஆ 15½, மு 6½, பி 7, பால், 1 உள்.'

பாதி புரிகிறது. சில நோட்டில் இ என்றும் சிலவற்றில் இடு என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? 'பால்' என்றால் என்ன?

இதைவிடப் பெரிய குழப்பம், ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கும் ஒற்றை எழுத்துகள். இரண்டு வரிக்கு ஒன்றாக வ, ம, இ, ம, வ, ம, இ என்று போய்க்கொண்டே இருக்கிறது. பல பக்கங்களின் அடியில் துணிக் கணக்கு எதுவும் இல்லாமல் நாலைந்து எழுத்து மட்டும் நெருக்கமாக இருக்கிறது. பழைய நோட்டுகளில் இது இல்லை, கடைசி ஐந்தாறு நோட்டுகளிலும் இல்லை. தேதி எங்குமே கிடையாது. 'மாரியம்மன் நோம்பி', 'தீவாளி', 'பள்ளிக்கூடம் தொறப்பு' என்றுதான் தலைப்பு. மாமா பார்த்துவிட்டு, வ என்றால் வரவு, இ என்றால் இருப்பு, ம என்றால் மறுபாக்கி, பணக் கணக்கு என்கிறார். அப்படியானால் தொகை எழுதியிருக்க வேண்டுமே?

மாமாதான் நினைவஞ்சலி நோட்டீசுக்கும் எழுதிக்கொடுத்திருக்கிறார். 'கணவரே தெய்வம் என வாழ்ந்த உத்தமி' என்று தொடங்கி ஒன்பது வரி. அதில் மிஷின் என்ற சொல்லே இல்லை. எனக்கு அது தாங்கவில்லை.

மிஷினும் இறுகிப்போய்ச் சக்கரம் சுற்ற மறுக்கிறது. அதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

கோபி தையல்கடை:

கண்ணு, உன் அம்மிச்சி மாதிரி ஒருவரிடம்தான் நானும் தொழில் கற்றேன். அப்புறம் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடை தைத்தேன், இப்போது சொந்தக் கடை. அந்த வரியைப் படித்ததும் அந்த ஜாக்கெட்டே கண்முன் வந்துவிட்டது.

உ உயரம், மா மார்பு, சோ சோல்டர். கை 7/11 என்றால் கை நீளம் ஏழு, கைச் சுற்று பதினொன்று. ஆ ஆம்கோல், அதாவது கைக்குழிச் சுற்று. மு முன்கழுத்து இறக்கம், பி பின்கழுத்து. இ, இடு இரண்டும் இடுப்புதான், எழுதுகிறவர் கை போனபடி எழுதியிருப்பார்.

'பால்' என்றால் கைக்குழந்தைக்காரி. மார்பில் தளர்வு விட வேண்டும். கொக்கி ஒற்றைக் கையால் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் இன்னொரு கையில் பிள்ளை இருக்கும். '1 உள்' என்பது பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருக்கிறார் என்று அர்த்தம். பால் மறந்த பிறகு உடம்பு இறங்கும், அப்போது பிடித்துத் தைக்கலாம். அடுத்த பிள்ளைக்குத் திரும்பப் பிரித்து விடலாம். ஒரே ஜாக்கெட் நாலைந்து வருஷம் ஓடும். இப்போது கடைகளில் அரை அங்குலம் விடவே யோசிக்கிறார்கள். சின்னப் பெண்களின் பாவாடைக்கு எதிரே 'டக் 2', 'டக் 3' என்று இருக்கிறதா பார். பாவாடையின் அடியில் துணியை மடித்து டக் பிடித்திருப்பார். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்குவது.

ஓரத்து எழுத்து தையல் கணக்கு இல்லை. அதை உறுதியாகச் சொல்வேன். பணக் கணக்காகவும் தெரியவில்லை. கூலிக் கணக்கு என்றால் துணி கொடுத்தவர் பெயருக்கு நேராக இருக்கும், நீ சொல்வது இரண்டு வரிக்கு ஒன்றாக அல்லவா வருகிறது. வெட்டி வைத்திருந்தால், லைனிங் இல்லாத ஜாக்கெட் ஒன்று கை தேர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேரம். அது எதற்காவது உதவுமா பார்.

ஈரோட்டு மெக்கானிக்:

சக்கரத்தை வம்பாகத் திருகாதீங்க. கிராமத்து மிஷின்கள் இறுகுவதற்குப் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான் காரணம். மிஷின் ஆயில் தீர்ந்த நாளில் அடுப்படியில் இருப்பதை விட்டிருப்பார்கள், அது நாளாக ஆகப் பிசின் மாதிரி ஆகிவிடும். மேலே உள்ள எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்க. தலைப்பகுதியைச் சாய்த்து அடியிலும் விடுங்க. காலையில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாக அசைத்துப் பாருங்க. அசைய ஆரம்பித்ததும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மிஷின் ஆயில் விடணும், இல்லையென்றால் இரும்போடு இரும்பு தேயும். ஊசித் தட்டைக் கழற்றித் துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் இருக்கும் பஞ்சையும் எடுங்க. முப்பது நாற்பது வருஷத்துப் பஞ்சு கெட்டியாகப் பாய் மாதிரி இருக்கும்.

தோல் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கும், புதுசு போட்டுக்கொள்ளலாம். பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீங்க. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

பவானி அத்தை:

நோட்டீசைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாமாவோடு சண்டை வேண்டாம்மா. அவர் எழுதியதில் பொய் இல்லையே, அவர் பார்த்த அம்மாவை எழுதியிருக்கிறார். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'மிஷின்காரம்மா' என்று போடச் சொல். வேறு காரணம் எதுவும் சொல்லாதே, அது இல்லாவிட்டால் யார் நோட்டீஸ் என்று ஊருக்கே தெரியாது என்று சொல். மறுக்கமாட்டார்.

சென்னிமலை நெசவாளி மகன்:

மன்னிக்கணும், தையலுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை, எங்கள் வீட்டில் தறிதான். ஆனால் ஓரத்து எழுத்து என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

எங்கள் அப்பா பக்கவாதத்தில் ஒன்பது வருஷம் படுக்கையில் இருந்தார். படுத்த வாக்கிலேயே விட்டால் எலும்பு அழுந்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப் புண் ஆகிவிடும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடச் சொன்னார்கள். வலது பக்கம், மல்லாக்க, இடது பக்கம், மறுபடி மல்லாக்க.

வ, ம, இ, ம.

நாங்கள் அதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்தால், கடைசியாக எந்தப் பக்கம் வைத்தோம் என்று சத்தியமாக ஞாபகம் வராது. எழுதி வைத்தால்தான் உண்டு. கோபி அக்கா ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் என்கிறார். இரண்டு வரிக்கு ஒரு எழுத்து என்றால் இரண்டு மணி நேரம் சரியாக வருகிறது. பக்கத்தின் அடியில் துணி இல்லாமல் நெருக்கமாக இருக்கும் நாலைந்து எழுத்தும் ராத்திரிக்கு உரியவை.

கடைசி ஐந்தாறு நோட்டுகளில் அது ஏன் இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நாங்கள் மூன்று பேர் முறை வைத்துப் பார்த்தோம், ஒன்பது வருஷத்தில் புண் நாலு தடவை வந்தது. உங்கள் அம்மிச்சி ஒரே ஆள். அந்த நோட்டுகளைத் தயவுசெய்து பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

வாய்க்கால்மேட்டுப் பேத்தி:

இரண்டு நாளாகப் பதில் எழுத முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

சென்னிமலை அண்ணா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா 1976இலேயே கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்துவிட்டவர். அம்மிச்சி புரட்டிப் போடுவதைப் பார்த்திருக்கிறார், எழுதுவதைக் கவனித்ததில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒன்று சொன்னார். அம்மிச்சி யாரிடமும் மணி கேட்கமாட்டாராம். 'ரெண்டு சாக்கெட்டு ஆச்சுங்க, திரும்பிக்கலாமா' என்று அப்புச்சியிடம் கேட்பாராம். அப்புச்சி கையில் இருக்கும் கொக்கி டப்பாவை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாராம். அம்மாவுக்கு அது இத்தனை வருஷமும் வீட்டுப் பேச்சாகத்தான் காதில் விழுந்திருக்கிறது.

மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் நோட்டு எடுத்து வரச் சொன்னார். ஆசாரத்தில் உட்கார்ந்து, ஒரு தீபாவளிப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பண்டிகைக்கு முந்தின நாள், முப்பத்தாறு ஜாக்கெட் தர வேண்டிய நெருக்கடி. அந்தப் பக்கத்திலும் எழுத்து எங்கேயும் விட்டுப்போகவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போய்ப் பெயருக்குக் கீழே மிஷின்காரம்மா என்று சேர்க்கச் சொல்லிவிட்டு வந்தார். பவானி அத்தை சொன்ன மாதிரி அடைப்புக்குறிக்குள் இல்லை, தனி வரியாக.

மஞ்சள் காமாலைப் பதினைந்து நாளையும் தேடிப் பிடித்தேன். அந்தப் பக்கங்களில் கையெழுத்து வேறு, பக்கத்து வீட்டு அக்காவுடையது. எழுத்துகள் இடைவெளி விட்டு விட்டு இருக்கின்றன. ராத்திரி வரிசை இல்லவே இல்லை. அந்த அக்காவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் வீடும் மாடும் பிள்ளைகளும் இருந்தன.

மிஷின் சக்கரம் அசைந்துவிட்டது. மண்ணெண்ணெய் கிடைக்கத்தான் அலைய வேண்டியிருந்தது. பல்லுக்கு அடியில் மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே பாயாகப் பஞ்சு இருந்தது, அடுக்கடுக்காக நிறம் மாறி மாறி. பெல்ட் மட்டும் வாங்க வேண்டும்.

கோபி அக்காவுக்கு ஒன்று. இ, இடு இரண்டும் ஒன்றுதான் என்றீர்கள், கை போனபடி எழுதியிருப்பார் என்றீர்கள். அதைச் சரிபார்க்க, ஓரத்து எழுத்து முதன்முதலில் எந்த நோட்டில் தொடங்குகிறது என்று தேடினேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டு, 'ஆடி' என்று தலைப்பு. அப்புச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மாதம். அதுவரை எல்லா நோட்டிலும் இடுப்புக்கு இ மட்டும்தான். அந்தப் பக்கத்தில் முதல் இரண்டு வரியிலும் 'இ 28', 'இ 31' என்று இருக்கிறது. அவற்றுக்கு எதிரே ஓரத்தில் பென்சிலில் முதல் எழுத்து, அதுவும் இ. அதன் பிறகு அந்த 28க்கும் 31க்கும் முன்னால் இருந்த இ இரண்டையும் அடித்துவிட்டு மேலே இடு என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது வரியிலிருந்து கடைசி நோட்டு வரை இடுதான்.